பயணம் செய்ய இயலாதவர்கள் நேரில் வரவும்

பயணம் செய்ய முடியாதவள் என்று சான்றிதழ் வாங்குவதற்காக நவோமி பீல் அக்கரைக்குப் பயணம் செய்த அன்று, அவளைப் படகில் ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருத்தி. ஒரு கையை அவள் கணவன் வெண்டெல் பிடித்திருந்தான், இன்னொரு கையை நான். படகுத்துறையில் கடை வைத்திருப்பதாலும், தீவின் முதலுதவிக் குழுவுக்கு ஆள் கேட்டபோது மற்ற எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் தவறிப்போய் நிமிர்ந்துவிட்டதாலும், இந்த மாதிரி வேலைகள் எனக்கே வந்து சேரும்.

"எட்னா, நான் செத்துட்டா செத்தேன்னு சொல்றதுக்கும் நானேதான் நேர்ல போகணுமா?" என்று கேட்டாள் நவோமி.

"விசாரிச்சு வைக்கிறேன்" என்றேன்.

எங்கள் கிரிண்டில் தீவில் மனிதர்களைவிட மான்கள் அதிகம். மான்களைவிட மான் உண்ணிகள் அதிகம். அவற்றை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் கோடை வந்துவிட்டால் சாயங்காலம் வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் கைவிட்டுத் தடவிப் பார்க்காத ஆள் இங்கே கிடையாது. கசகசா அளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்கக்கூடச் செய்யாது. நவோமியைச் சில வருடங்களுக்கு முன் அப்படி ஒன்று கடித்தது. அக்கரை மருத்துவமனையில் முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு வயசு என்றார்கள், அதற்கும் பிறகு மனசு என்றார்கள். லைம் நோய் என்று கண்டுபிடித்து மருந்து கொடுப்பதற்குள் அது அவள் உடம்பில் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

கிருமி போய்விட்டதாகத்தான் சொன்னார்கள். ஆனால் பழைய நவோமி திரும்பி வரவில்லை. வெண்டெலுடன் படகில் நின்று சிங்கி இறால் கூண்டுகளை இழுத்துப் போட்டவள் அவள். குளிர்காலக் கடலில் அவள் கெட்டவார்த்தை பேசினால் பக்கத்துப் படகுக்காரன் தொப்பியைக் கழற்றுவான். அப்படிப்பட்டவளுக்கு முழங்கால்கள் ரொட்டி மாதிரி உப்பிக்கொண்டன. பாதிப் பேச்சில் வார்த்தை காணாமல் போயிற்று. ஒரு முறை படகில் குலுங்கிப் போய் வந்தால் வாரக்கணக்கில் படுக்கைதான். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. மாதம் ஒரு முறை ஒரு டாக்டர் வீடியோவில் அவளைப் பார்க்க வேண்டும். வலிக்கு என்ன செய்வது, தூக்கத்துக்கு என்ன செய்வது, எது பழசு, எது புதுசு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கென்றே ஒரு மையம் இருந்தது. வட குடா நலக் கூட்டமைப்பின் தொலைவழிப் பராமரிப்பு மையம். மையம் இருந்தது அக்கரையில், ஆனால் அதன் திறப்பு விழா நடந்தது எங்கள் படகுத்துறையில். இயக்குநர் தர்ஸ்டன் விட்காம் பளபளக்கும் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்திறங்கினார். 'தூரம் இனி தடையல்ல' என்று எழுதிய துணியைக் காற்று பறித்துக்கொண்டு போனதால் ரெண்டு பேர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கிரிண்டில் தீவு மக்களே!" என்று ஆரம்பித்தார். "நீங்க ஏன் எங்க மருத்துவமனைக்கு வர்றதில்லைன்னு பல வருஷமா ஆராய்ச்சி பண்ணினோம். வெளியில இருந்து நிபுணர்களைக் கூட்டிட்டு வந்தோம். கடைசியில காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டோம். அது தூரமா இருக்கு!"

அவருடன் வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"ஆகவே, இனிமே நீங்க எங்ககிட்ட வர வேண்டாம். நாங்களும் உங்ககிட்ட வர மாட்டோம். இதைத்தான் சமத்துவம்னு சொல்றோம்."

பிறகு என் கடையில் காபி குடித்துவிட்டு, அலை கூடுவதற்குள் போக வேண்டும் என்று அவசரமாகப் படகு ஏறினார்.

அடுத்த நாளே நவோமி மையத்துக்குப் போன் போட்டாள். மெலடி என்ற பெண் எடுத்தாள். அவள் பதவியின் பெயர் நோயாளி அணுகல் ஒருங்கிணைப்பாளர். குரல் தேனாக இருந்தது.

"என்ன நோய், நவோமி டியர்?"

"லைம்."

"மருந்து சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சு."

"அப்ப முடிஞ்சிருச்சே."

"முடியலையே."

"சிஸ்டம்ல முடிஞ்சிருக்கு, டியர். லைம்னா ஆரம்ப தேதி இருக்கும், முடிவு தேதி இருக்கும். உங்களுக்கு ரெண்டுமே இருக்கு. அழகா இருக்கு."

"அப்ப என் முட்டிக்குள்ள உக்காந்திருக்கறது என்ன?"

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு மெலடி மிகுந்த கனிவோடு சொன்னாள்: "அது நீங்கதான், டியர்."

நவோமி போனை வாய்க்கு அருகே இழுத்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்து வெண்டெல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். ஆனால் அவள் திட்டவில்லை. "சரி. 'நான்'னு ஒரு நோய் இருக்கில்ல? அதையே எழுதிக்க. அதுக்கு டாக்டரைப் போடு" என்றாள்.

மெலடி விட்டுக்கொடுத்தாள். 'காரணம் அறியப்படாத நவோமி பீல்' என்ற அர்த்தத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள். ஆனால் வீடியோவில் பார்க்க வேண்டுமானால் பயணம் செய்ய முடியாதவர் என்ற சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு நேரில் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அப்படித்தான் அவள் போனாள். படகில் குலுங்கி, அக்கரையில் காரில் குலுங்கி, வரவேற்பறையில் கோட்டை விரித்துத் தரையிலேயே படுத்துக் கிடந்தாள். பரிசோதனை அறையில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் இல்லை, பயணத் தகுதி மதிப்பீட்டாளர்.

"வீட்டில இருந்து எப்படி வந்தீங்க?"

"படகுல."

"அப்புறம்?"

"கார்ல."

"வந்து சேர்ந்தீங்களா?"

நவோமி தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாளாம். "அப்படித்தான் தெரியுது."

"ரொம்ப சந்தோஷம்" என்று அவர் எழுந்து கைகொடுத்தார். "நீங்க பயணம் செய்யத் தகுதி உள்ளவர். வாழ்த்துக்கள்!"

திரும்பி வந்தவள் எழுந்து உட்காரவே வெகு நாளாயிற்று. சூப்பு கொண்டுபோன என்னிடம், "நான் போகாம இருந்திருந்தா?" என்று கேட்டாள். அதையும் செய்து பார்த்தாள். மேல்முறையீடு போட்டு, மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கி, அன்றைக்கு வேண்டுமென்றே படுக்கையில் கிடந்தாள். மெலடி போன் செய்தாள். சந்திப்புக்கு வராததால் அவள் பெயர் 'ஒத்துழைக்காதவர்கள்' வரிசைக்குப் போய்விட்டது. அந்த வரிசையிலிருந்து வெளியே வர, நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

இந்த முறை போனைப் பிடுங்கியது வெண்டெல். அவன் சாதாரணமாகப் பேசவே மாட்டான். இருபது வருடமாக என் கடைக்கு வருகிறான், வானிலையைத் தவிர வேறு எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னதில்லை.

"இந்தா பாரு பொண்ணு, என் பெண்டாட்டி வந்தா வர முடியுதுன்னு சொல்ற. வராட்டி திமிருன்னு சொல்ற. பாதிக் கடல்ல நிறுத்தி வச்சா ஒத்துக்குவியா?"

மெலடி பட்டியலில் தேடிப் பார்த்தாள். "பாதிக் கடலுக்குத் தனிக் குறியீடு இல்லை, சார்" என்றாள்.

ஆனால் அவன் கத்தியதில் எங்கேயோ ஏதோ அசைந்திருக்க வேண்டும். கோடை நடுவில் நல்ல சேதி வந்தது. நவோமிக்கு ஒரு வீடியோ சந்திப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது! டாக்டர் லவோய் என்பவர் பார்ப்பார். அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

"அந்த இடம் எங்க இருக்கு?"

"எங்க கட்டடத்துலதான், டியர்."

வேறு சமயமாக இருந்தால் நவோமி அந்தப் போனைக் கடலில் எறிந்திருப்பாள். ஆனால் அந்த வாரம் அடுப்படியில் நின்றவள் கண் இருண்டு விழுந்திருந்தாள். பழைய அசதி அவளுக்குத் தெரியும். இது அது இல்லை, யாரோ உள்ளே விளக்கை அணைத்த மாதிரி இருந்தது என்றாள். வெண்டெல் பயந்துபோனான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன்.

தொலைவழிச் சந்திப்பு அறை அழகாக இருந்தது. சுவரில் கலங்கரை விளக்கப் படம். நடுவில் பெரிய திரை. அதில் கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள ஒரு மனிதர் தோன்றி, "வணக்கம், மிஸஸ் பீல். நான் பேசறது கேக்குதா?" என்றார்.

கேட்டது. இரண்டு முறை கேட்டது. முதலில் சுவர் வழியாக, பிறகு திரை வழியாக.

நவோமி என்னைப் பார்த்தாள். அப்போது டாக்டருக்குத் தும்மல் வந்தது. சுவர் தும்மியது. ஒரு கணம் கழித்துத் திரையும் தும்மியது.

"எட்னா, என் கைத்தடியை எடு" என்றாள்.

நான் தடுக்கவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்து, பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். டாக்டர் லவோய் சின்ன மேசையில், மடியில் பாதி சாண்ட்விச்சோடு, கணினியில் எங்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நாற்காலியோடு பின்வாங்கினார்.

"மிஸஸ் பீல்! தயவுசெஞ்சு திரைக்குப் போயிருங்க."

"ஏன்? இங்கேயே பாருங்களேன். முட்டி இதோ இருக்கு."

"நேர்ல பாத்தா இது தொலைவழிச் சந்திப்பாகாது."

"நேர்ச் சந்திப்பா ஆகட்டுமே."

"நேர்ச் சந்திப்புக்கு நீங்க பதிவு பண்ணலையே." அவர் முகம் சிவந்திருந்தது. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "சத்தியமா சொல்றேன், எனக்கே இது பிடிக்கல. ஆனா இந்த ரூம்ல நோயாளி இருந்தா மேல மணி அடிக்கும்."

மணி அடித்தது.

நாங்கள் திரும்பி எங்கள் அறைக்கு வந்து சேர்வதற்குள், அதாவது நவோமி நடக்கும் வேகத்தில் வந்து சேர்வதற்குள், நேரம் முடிந்துவிட்டது. திரையில் ஐந்து நட்சத்திரங்கள் தெரிந்தன. இன்றைய பராமரிப்பு உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று கேட்டன.

 திரும்பி வரும்போது நவோமி படகுத் தட்டில் என் கோட்டின் மேல் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துறை தெரிந்ததும் சொன்னாள்: "இனிமே அவங்க கூப்பிட்டா நான் போகப்போறதில்ல. முடியலன்னு சொல்றதுக்கு முடிஞ்சு முடிஞ்சு போயே என் உசிரு போகுது. அவங்களுக்கு நான் வேணும்னா அவங்க வரட்டும்."

அவளை அவர்களுக்கு எதற்கு வேண்டியிருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேண்டியிருந்தது. கோடை கடைசியில் இயக்குநர் விட்காமே என் கடைக்குப் போன் செய்தார். நவோமி அவர் போனை எடுப்பதில்லையாம்.

மாநிலத் தலைநகரிலிருந்து நிதிக்குழு வருகிறது. மையம் எவ்வளவு பிரமாதமாக நடக்கிறது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்குத் தீவிலிருந்து ஒரு நோயாளி திரையில் தோன்ற வேண்டும். மையத்தின் பட்டியலில் தீவு நோயாளி என்று இருப்பது நவோமி ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் பயணத் தகுதி பெற்றுவிட்டார்கள்.

"அவங்க அக்கரைக்கு வர மாட்டாங்க" என்றேன்.

"வரவே வேண்டாம்! வீட்டுல, சமையலறையில இருந்தே பேசலாம். கருவியெல்லாம் நாங்க அனுப்பறோம்."

"வீட்டுல இருந்து பேச அனுமதி இல்லைன்னாங்களே?"

"அது வைத்தியத்துக்கு" என்றார் விட்காம் பொறுமையாக. "இதுல வைத்தியம் எதுவும் இல்லையே. அதனால தாராளமா வீட்டுல இருந்தே செய்யலாம். கையை அசைச்சு நன்றின்னு சொன்னா போதும்."

நான் போய்ச் சொன்னபோது நவோமி படுத்திருந்தாள். முகம் மெழுகு மாதிரி இருந்தது. முந்தின நாள் மறுபடியும் விழுந்திருந்தாள், நெற்றியில் வீக்கம். கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த டாக்டர் இருப்பாரா?"

"வெள்ளைக் கோட்டோட உக்கார வைப்பாங்களாம்."

"சரின்னு சொல்லு."

அன்று காலையில் அவள் சமையலறை நிரம்பி வழிந்தது. வெண்டெல் சவரம் செய்திருந்தான். அவள் அழைத்ததால் அக்கம்பக்கத்துக்காரர்கள் வாசல் வரை நின்றார்கள். மேசையில் புளூபெர்ரிப் பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பெரிய மண்டபம், மலர்க்கொத்துகள், கேக், வரிசையாகக் கோட்டுப் போட்டவர்கள். முதல் வரிசையில் பச்சைச் சட்டை போட்ட ஒரு வயதான அம்மாள், நிதிக்குழுவின் தலைவி. ஓரத்தில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில், டாக்டர் லவோய்.

விட்காம் பேசினார். "எங்க கொள்கையோட உயிர்நாடி எதுன்னு கேட்டீங்கன்னா, நாங்க ஒரு நாளும் நோயாளியோட பேச்சைப் பாதியில நிறுத்த மாட்டோம். இந்தப் பக்கம் இருக்கிற துண்டிக்கற பொத்தானையே இன்னைக்குக் காலையில நீக்கிட்டோம். அழைப்பை முடிக்கற அதிகாரம் நோயாளிக்கு மட்டும்தான்! இப்ப நம்ம தீவுச் சகோதரி நவோமி பீல் ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். நவோமி கையை அசைத்தாள்.

"வணக்கம். நன்றி சொல்லச் சொன்னாங்க. சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். டாக்டர் லவோய், பூந்தொட்டிக்குப் பின்னாடி இருக்கறது நீங்கதானே? இந்த மாசம் மூணு தடவை மயக்கம் போட்டு விழுந்தேன். நெத்தியைப் பாருங்க."

 விட்காம் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். "நவோமி, இது ஆலோசனை நேரம் இல்லை. இது ஒரு செயல்விளக்கம் மட்டும்தான்."

"விளக்கம் ஆயிருச்சு சார். செயல் எங்க?"

வாசலில் நின்ற எங்கள் ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். விட்காம் மேசைக்குக் கீழே எதையோ தேடினார். தேடியது அங்கே இல்லை, காலையில்தான் நீக்கியிருந்தார்கள்.

"இவங்க ஒரு முடிந்துபோன நோயாளி" என்று அவர் நிதிக்குழுவைப் பார்த்து விளக்கினார். "இவங்களுக்கு இப்ப நோய் எதுவும் கிடையாது. அதனாலதான் எங்க வெற்றிக்கு எடுத்துக்காட்டா இவங்களைத் தேர்ந்தெடுத்தோம்."

"நான் முடிஞ்சு போகல" என்றாள் நவோமி. குரல் உயரவில்லை. உயர்த்த அவளிடம் தெம்பில்லை. "இதோ உக்காந்திருக்கேன். டாக்டர் என்னைக் கேக்கற வரைக்கும் இந்தப் பொத்தானை நான் தொடப்போறதில்ல. நீங்க கேக் வெட்டலாம், சாப்பிடலாம், வீட்டுக்குப் போகலாம். நான் இங்கேயே இருப்பேன்."

பச்சைச் சட்டை அம்மாள் கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளினாள். "கேளுங்க டாக்டர். எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கத்தானே வந்திருக்கோம்?"

லவோய் எழுந்தார். பூந்தொட்டியைத் தள்ளி வைத்தார். திரைக்கு அருகே வந்து நின்றவர் முதல் கேள்வி கேட்டபோது குரல் தடுமாறியது. இரண்டாவது கேள்வியில் சரியாகிவிட்டது. விழுவதற்கு முன் எப்படி இருந்தது, நெஞ்சில் ஏதாவது, மூச்சு, படியேறினால் என்ன ஆகிறது. பிறகு, "பக்கத்துல யாராவது நாடி பாக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்றார்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பதைத் தொடவில்லை. தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்லி மறுபடியும் எண்ணினேன். இன்னும் குறைவாக வந்தது. துடிப்பு வருவதும், வர மறந்து நிற்பதும் விரலில் தெரிந்தது. நான் மணிக்கட்டை விடாததை நவோமி கவனித்தாள்.

"எவ்வளவு எட்னா?"

சொன்னேன்.

லவோயின் முகம் மாறியது. அதுவரை பதில்களைக் குறித்துக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "இந்தக் கோடையில புதுசா உண்ணி ஏதாவது கடிச்சுதா?"

"கடிக்காத கோடை எது?"

"இது பழசு இல்ல, மிஸஸ் பீல். பழசு உங்க உடம்புல இருக்கலாம், அதை அப்புறம் பேசுவோம். எனக்குத் தோணறது, புதுசா ஒரு கடி, அது இதயத்து நரம்புல கை வச்சிருக்கு. அங்கே வச்சு வைத்தியம் பண்ண முடியாது. சரியாகக்கூடிய விஷயம்தான், ஆனா இப்பவே வரணும். ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்றேன்." திரும்பி விட்காமைப் பார்த்து, "அனுமதி கேக்கல. சொல்றேன்" என்றார்.

வெண்டெல் நவோமியின் முன்னால் மண்டியிட்டான். அவள் போக மாட்டாள் என்று நினைத்துத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள், "என் நீலக் கம்பளியை எடு. போறேன்" என்றாள்.

"போறியா?"

"பாத்துட்டுச் சொல்றாரு வெண்டெல். பாத்துட்டுச் சொன்னா போக மாட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" அப்போதுதான் அவள் கண் கலங்கியது. பயத்திலா, கோபத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

பந்து விளையாடும் மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. வெண்டெலும் கூடவே ஏறிக்கொண்டான். அவர்களை அனுப்பிவிட்டு, அடுப்பை அணைக்க வேண்டுமே என்று நான் சமையலறைக்குத் திரும்பி வந்தால், திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. நவோமியின் நாற்காலியில் மீன்பிடி வலை தைக்கும் ஹார்லன் உட்கார்ந்து சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. ஒருத்தன் நாயைத் தூக்கிக்கொண்டு நின்றான். மண்டபத்தில் லவோய் போய்விட்டிருந்தார். பச்சைச் சட்டை அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஹார்லனிடம், "இது எவ்வளவு காலமா இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பட்டியல்ல நான் பயணத் தகுதி உள்ளவன்மா" என்றான் ஹார்லன். "என் தோளுக்குத்தான் அது தெரியல."

நவோமியின் இதயத்துக்கு ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். தாளம் தப்பியது கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்துக்கு வந்தது. நான் பார்க்கப் போன அன்று அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ரத்தம் தெரிந்தது. விட்காம் மலர்க்கொத்தோடும் புகைப்படக்காரரோடும் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தொலைவழிப் பராமரிப்பு ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு!" என்றார். "நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிட்டு வர்றேன், நோயாளிகிட்ட போதுமான அளவு நோய் இருந்தா எங்க முறை கண்டிப்பா வேலை செய்யும். அதை நீங்க உங்க வாயால சொல்லணும், நவோமி."

"சொல்றேன். செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் லவோய் எங்க தீவைப் பாக்கணும். நாங்க அவங்கவங்க வீட்டுச் சமையலறையில இருந்தே பேசுவோம். என்னை மட்டும் இல்ல, எல்லாரையும். யார் வரணும், யார் வர வேண்டாம்னு பாக்கற டாக்டர் சொல்லணும், அட்டை மாட்டின ஆள் சொல்லக் கூடாது."

"அதைக் குழு பரிசீலிக்கும்."

"பரிசீலிக்கட்டும். நான் இங்கேயே காத்துட்டு இருக்கேன்."

விட்காம் முதலில் அதை வேடிக்கை என்று நினைத்தார். ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் நவோமி போகவில்லை. கட்டில் வேண்டுமென்று செவிலி வந்து சொன்னாள். கட்டில் எனக்கும் வேண்டும் என்றாள் நவோமி. மெலடி வந்தாள். நேரில் பார்க்கச் சின்னப் பெண். கால் கடுக்க நின்று, "டியர், எல்லாருக்கும் சங்கடமா இருக்கு" என்றாள்.

"உனக்குமா?"

மெலடி கதவைப் பார்த்தாள். "எங்க அம்மாவும் தீவுக்காரங்கதான்" என்று மெதுவாகச் சொன்னாள். "ஃபைல் எந்த மேசையில தூங்குதுன்னு எனக்குத் தெரியும். போய் எழுப்பறேன்." போய் எழுப்பவும் செய்தாள். பச்சைச் சட்டை அம்மாள் தலைநகரிலிருந்து போன் செய்து, ஹார்லனின் தோள் எப்படி இருக்கிறது என்று விட்காமிடம் விசாரித்ததும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். அனுமதி வந்தது. விட்காம் அதைத் தன் யோசனையாக அறிவித்தார். புகைப்படத்தில் அவர்தான் நடுவில் நிற்கிறார்.

நவோமி குணமாகிவிட்டாள் என்று சொன்னால் பொய். இதயம் சரியாயிற்று. முட்டி சரியாகவில்லை. வார்த்தைகள் இன்னும் நடுவில் காணாமல் போகின்றன. படகில் திரும்பி வந்த குலுக்கலில் இலையுதிர்காலத்தின் நல்ல பாதியைப் படுக்கையில் கழித்தாள். லவோயும் அவளிடம் ஒளிக்கவில்லை. மிச்சமிருக்கிற இந்த நோய்க்கு நிச்சயமான மருந்து தன்னிடம் இல்லை, ஆனால் வலியையும் தூக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரலாம் என்றார். அதை ஒரு டாக்டர் வாயால் கேட்டதே அவளுக்குப் பாதி மருந்து மாதிரி இருந்தது என்று வெண்டெல் என்னிடம் சொன்னான். வானிலையைத் தவிர அவன் சொன்ன இன்னொரு அபிப்பிராயம் அது.

முதல் செவ்வாய்க்கிழமை நான் அவள் வீட்டில் இருந்தேன். வெளியே மூடுபனி இறங்கி, துறைமுகமே தெரியவில்லை. படகு ஓடவில்லை. நவோமி தலையை வாரி, நீலக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தாள். திரையில் லவோய் வந்தார்.

"எப்படி இருக்கீங்க, மிஸஸ் பீல்?"

"மோசமாத்தான் இருக்கேன்" என்றாள் நவோமி. காபிக் கோப்பையை அருகே இழுத்துக்கொண்டாள். "நல்லா சாஞ்சு உக்காருங்க, சொல்றேன்."